குதிரைமசாலுக்கு எந்த வெள்ளைப் பொடி?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரம் தீவனம் விதைத்தால் முதல் பந்தி மானுக்கு, மிச்சம்தான் நம் ஆட்டுக்கு. அமெரிக்காவில் மான் வரட்டும் என்றே குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்து, அதற்காக மண்ணில் சுண்ணாம்பும் போடுகிறார்கள். யாருக்கு விதைத்தாலும் அமில மண்ணின் தொல்லை ஒன்றுதான். குதிரைமசால் என்ற தீவனப் பயிருக்கு மண்ணின் பி.எச். (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 6.5-ஆவது வேண்டும். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தரும் வேர்முடிச்சும் சரியாகப் பிடிக்காது. ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது.

அமிலத்தைக் குறைக்கப் போடும் பொடிகளில் மலிவு சுண்ணாம்புக்கல் தூள்தான். மாவாக அரைத்ததை வாங்குங்கள். குருணையாக இருந்தால் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். டோலமைட் என்ற கல்லின் தூளில் மக்னீசியமும் சேர்ந்திருக்கிறது. மழையில் சத்து அரித்துப்போன மணற்பாங்கான செம்மண்ணுக்கு என் ஓட்டு இதற்கே. 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலைக்குச் சுத்தமான டோலமைட் 92 கிலோ போதும். ஆனால் மெதுவாகக் கரையும், விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டு உழுதுவிட வேண்டும்.

அவசரக்காரர்களுக்கு நீற்றிய சுண்ணாம்பு. 74 கிலோவிலேயே அதே வேலை முடியும். கையையும் கண்ணையும் அரிக்கும், தெளித்த கையோடு யூரியாவோ ஈர எருவோ போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

சாம்பல்? விறகுச் சாம்பல் கொல்லைப்புறப் பாத்திக்குச் சரி. வெல்லம் காய்ச்சும் அடுப்பில் கிடைக்கும் கரும்புச் சக்கைச் சாம்பலை நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி சிலிகா.

ஜிப்சம் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கானது, அமிலத்தைக் குறைக்காது. எனக்கு ஒரு கடையில் சுண்ணாம்பு என்று இதைத்தான் கட்டிக் கொடுத்தார்கள், ஒரு போகம் வீண். இப்போதெல்லாம் ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் தூள் உடனே பொங்கும், டோலமைட் சோம்பலாக நுரைக்கும், ஜிப்சம் அசையாது.

எதுவும் போடாமல் பயிரை மாற்றுவதும் ஒரு வழி. கம்பு நேப்பியர் புல் ஓரளவு அமிலம் தாங்கும், புரதம்தான் குறைவு. தர்மபுரிப் பக்கம் உப்புத் தட்டும் போர் தண்ணீர் பாய்கிற நிலமென்றால் மண் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டே பி.எச்.சை ஏற்றியிருக்கும்.