சம்பளமா, துறைத்தலைவரா, நேரமா: ஆசிரியரைத் தக்கவைப்பது எது?

தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல ஆசிரியர் ராஜினாமா கடிதத்தை நீட்டியதும் நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு கூட்டித் தந்தால் இருப்பீர்கள்?" சில நேரம் பலிக்கும். ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் அன்றே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: இங்கே சம்பளம் கூட வேண்டுமானால் வெளியே ஒரு வேலை உத்தரவு வாங்கி வர வேண்டும்.

சம்பளம் முக்கியமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டுப்படியாகாத சம்பளத்தில் மற்ற எதுவும் எடுபடாது. ஆனால் அது மனக்குறையைத்தான் குறைக்கும், வேலையில் பிடிப்பைத் தராது என்று 1959-லேயே வாதிட்டார் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். அப்புறம், உயர்வை எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். நிறுவனம் நம்மை மதிக்கிறதா, நம் நலனில் அக்கறை காட்டுகிறதா என்று ஊழியர் மனதில் போடும் கணக்கை 1986-இல் அளவிட முயன்ற உளவியலாளர் ராபர்ட் ஐசன்பெர்கரும் சகாக்களும், நிறுவனம் தானாக முன்வந்து செய்வதற்கே மதிப்பு அதிகம் என்றார்கள். கேட்காமல் ஜூனில் வரும் உயர்வும், கடிதத்தைப் பார்த்துப் பதறி டிசம்பரில் வரும் உயர்வும் தொகையில் ஒன்றாக இருக்கலாம். வாங்குபவருக்கு ஒன்றல்ல.

துறைத்தலைவரின் ஆதரவுக்குச் செலவே இல்லை. மேசையில் திருத்தாத விடைத்தாள் கட்டு, நாளை மறுநாள் கருத்தரங்கு. "நீங்க போயிட்டு வாங்க, உங்க ரெண்டு வகுப்பையும் நான் பாத்துக்கறேன்" என்று தலைவர் சொன்னால், அது அவருடைய நல்ல குணமாக மட்டும் பதிவாவதில்லை. பல்கலைக்கழகமே சொன்னதாகப் பதிகிறது. மேலதிகாரியின் ஆதரவு நிறுவனத்தின் ஆதரவாக உணரப்பட்டு, வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது 2002-இல் ஐசன்பெர்கர் குழுவின் முடிவு. சிக்கல் ஒன்றுதான்: தலைவர் மாறினால் எல்லாம் போயிற்று. அதிகாரமே இல்லாத தலைவர் என்றால், பாவம், அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: கற்பித்தல் நேரத்துக்கு உச்சவரம்பு, ஆய்வுக்கு விடுப்பு, எழுதி வைத்த பதவி உயர்வு விதிகள். மாணவர் கட்டணத்தை நம்பி ஓடும் இடத்தில் ஆசிரியரிடம் முதலில் பறிபோவது நேரம். ஆய்வுக் கட்டுரை இல்லாமல் பதவி உயர்வு இல்லை, வாரம் முழுக்க வகுப்பு இருந்தால் கட்டுரை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல், மன அழுத்தம் குறைய என்று யோகா வகுப்பு நடத்துவது எரிச்சலைத்தான் கூட்டும். 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ரோட்ஸும் ஐசன்பெர்கரும் 2002-இல் எழுதியபோது, நிறுவனம் நம் பக்கம் இருக்கிறது என்ற உணர்வோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டதாக நின்றது நியாயமான நடத்தை. ஒருவருக்கு வாரத்தில் பதினெட்டு மணி நேர வகுப்பு, அதே பதவியில் இன்னொருவருக்குப் பத்து. காரணம் யாருக்கும் தெரியாது என்றால், எந்த வாழ்த்து அட்டையும் அதைச் சரிக்கட்டாது.

இத்தனை வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தமும் சில நிர்வாகங்களுக்கு ஒரு வழி. ஆள் இருப்பார், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் இருப்பதும் விரும்பி இருப்பதும் தனித்தனி வகைகள் என்று ஆய்வாளர்கள் மேயரும் ஆலனும் 1991-இலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் என் வரிசை மாறும்: முதல் இரண்டு வருடம் விதிப்புத்தகத்தைவிடத் துறைத்தலைவர்தான் பெரிது. பத்து வருடம் ஆனவரிடம் போய்த் தோளைத் தட்டிப் பயனில்லை. கால அட்டவணையில் இரண்டு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள்.