பலம் குறைந்த அணி பரம எதிரியை வீழ்த்த எது கைகொடுக்கும்: நிதான ஆட்டமா, துணிச்சல் ஆட்டமா?

13–9. 13–10. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 17 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களின் ஸ்கோர் இவை.

முதல் ஆட்டம் 2007 டிசம்பர் 1 அன்று மார்கன்டவுனில் நடந்தது. வெஸ்ட் வர்ஜீனியா தரவரிசையில் முதல் இரண்டு இடங்களுக்குள் இருந்த நேரம். இந்த ஒன்றை ஜெயித்தால் தேசிய இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும். எதிரே வந்த பிட்ஸ்பர்க் அந்தப் பருவத்தில் 4 வெற்றி, 7 தோல்வி. 28.5 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்றது பந்தயக் கணிப்பு. அடுத்தது 2024 நவம்பர் 30, கொலம்பஸ். இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானத்துக்கு, 6 வெற்றி 5 தோல்வி என்ற நிலையில் மிச்சிகன் போனது. அதற்கும் சுமார் 20 புள்ளி தோல்விதான் கணிப்பு. இரண்டிலும் மோதியவர்கள் பரம எதிரிகள், ஜெயித்தது சின்ன அணி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பிட்ஸ்பர்க்கின் லீஷான் மெக்காய் 38 முறை பந்தை வாங்கி ஓடி 148 யார்டு எடுத்தார். மிச்சிகனின் கலெல் மல்லிங்ஸ் ஓடி எடுத்தது 116 யார்டு. இரண்டு அணிகளிலும் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வீசி எடுத்தது 70 யார்டுகூட இல்லை. இரண்டு ஆட்டங்களிலும் பெரிய அணி இரண்டு ஃபீல்டு கோல்களை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தவறவிட்டது. இதுதான் நிதான ஆட்டம். இதற்கு எதிர்முனையில் இருப்பது துணிச்சல் ஆட்டம்: நீளமாக வீசு, 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியான நான்காவதிலும் பந்தை எதிரிப் பக்கம் உதைத்துத் தள்ளாமல் ஆடிப்பார், எதிராளி எதிர்பாராததைச் செய். பலம் குறைந்த அணியின் பயிற்சியாளர் முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான் இருக்கின்றன.

நிதான ஆட்டம் ஏன் வேலை செய்கிறது என்பது கடிகாரத்தில் இருக்கிறது. வீசிய பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும். கோட்டுக்குள்ளேயே ஓடி விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே இருந்தால் இரு அணிக்கும் பந்து கிடைக்கும் வாய்ப்புகளே குறைந்துவிடும். பெரிய அணி ஒவ்வொரு வாய்ப்பிலும் சராசரியாக 1.5 புள்ளி கூடுதலாக எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தலா 12 வாய்ப்பு என்றால் 18 புள்ளி இடைவெளி. தலா 8 ஆகச் சுருக்கினால் 12 புள்ளிதான். ஒரு இன்டர்செப்ஷனும் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) தவறவிட்ட ஒரு ஃபீல்டு கோலும் சேர்ந்தால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

பிட்ஸ்பர்க் ஆட்டத்தின் கடைசி விநாடிகளைப் பார்த்தால் இந்தக் கணக்கை எவ்வளவு தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்று தெரியும். 13–7 என்று முன்னிலை, ஆனால் பந்து சொந்த எல்லைக்குப் பக்கத்தில், அதுவும் நான்காவது முயற்சி. உதைத்தால் யாராவது தடுத்து டச்டவுன் (பந்தை எதிரியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் 6 புள்ளி) ஆக்கிவிடலாம். அதனால் பந்தை வாங்கிய வீரர் விநாடிகளைக் கரைத்தபடி தன் எல்லைக்குப் பின்னாலேயே வெளியே ஓடி, எதிரிக்கு 2 புள்ளியை வேண்டுமென்றே கொடுத்தார். ஆறு புள்ளி முன்னிலை நான்கானது. ஆறோ நான்கோ, வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு ஒரு டச்டவுன் தேவைதான். ஃபீல்டு கோல் போதாது. போனது இரண்டு புள்ளி, கிடைத்தது நேரம். கல்லூரி ஆட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

சரி, துணிச்சல் ஆட்டம்? அதன் பெருமைக்குரிய நாள் 2007 அக்டோபர் 6. முந்தைய பருவத்தில் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த ஸ்டான்ஃபோர்டு, சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 ஆட்டம் ஜெயித்திருந்த யுஎஸ்சியிடம் (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனது. கணிப்பில் 41 புள்ளி பின்தங்கியிருந்த அணி. முதன்முறை தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய குவாட்டர்பேக் டவீட்டா பிரிட்சர்டு, கடைசிக் கட்டத்தில் நான்காவது முயற்சியில் 20 யார்டு தேவைப்பட்டபோது ரிச்சர்ட் ஷெர்மனுக்கு வீசி அதை எடுத்தார். அப்புறம் 49 விநாடி மிச்சமிருக்க இன்னொரு நான்காவது முயற்சியில் டச்டவுன். 24–23.

ஆனால் அந்த ஆட்டத்தைத் துணிச்சலின் வெற்றி என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விரல் உடைந்த நிலையில் ஆடிய யுஎஸ்சி குவாட்டர்பேக் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அதில் ஒன்று நேராக டச்டவுனுக்கே போனது. அந்த நான்கும் இல்லையென்றால் கடைசி வீச்சுக்கு மதிப்பே இருந்திருக்காது. துணிச்சல் ஆட்டத்தின் பலவீனம் இதுதான். வீசும் பந்து பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கிறது, பெரிய அணிக்கு வாய்ப்புகள் கூடுகின்றன. எதிரியும் சேர்ந்து தவறு செய்யும் நாளில்தான் அது அற்புதமாகத் தெரிகிறது.

நிதான ஆட்டத்துக்கும் ஒரு பெரிய பலவீனம் உண்டு. இரண்டு டச்டவுன் பின்தங்கிவிட்டால் அது செத்த வியூகம். எதிரியின் ஓட்டத்தை நிறுத்தும் முன்வரிசைத் தடுப்பு இல்லாத அணி அதை நினைத்தே பார்க்கக்கூடாது. மிச்சிகனிடம் மேசன் கிரகாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள் நடுவில் நின்றன. இருவருமே அடுத்த ஆண்டு தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். அன்று ஒஹாயோ ஸ்டேட் ஓடி எடுத்தது வெறும் 77 யார்டு.

பரம எதிரி என்ற விஷயம் இங்கேதான் உள்ளே வருகிறது. "இந்த ஆட்டத்தில் பழைய கணக்கெல்லாம் செல்லாது" என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்வார்கள். செல்லும். 2012இல் அலபாமா தன் பரம எதிரியான ஆபர்னை 49–0 என்று நசுக்கியது. ஆபர்னின் வெறியும் வைராக்கியமும் ஒரு புள்ளிகூட வாங்கித் தரவில்லை. மாறுவது பெரிய அணியின் மனநிலை என்பதே என் கருத்து. மிச்சிகனிடம் அதற்கு முன் மூன்று முறை தொடர்ந்து தோற்றிருந்த ஒஹாயோ ஸ்டேட், தாங்களும் உடல் வலுவில் சளைத்தவர்கள் இல்லை என்று நிரூபிக்க வந்ததுபோல அந்த இரண்டு மலைகள் மீதே திரும்பத் திரும்ப மோதியது. வெளியே ஜெரமையா ஸ்மித் மாதிரி ஒரு பந்து பிடிப்பாளரை வைத்துக்கொண்டு! இரண்டாவது பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 45 விநாடி மிச்சமிருக்க மிச்சிகன் 21 யார்டு ஃபீல்டு கோல் அடித்து முடித்தது. அதே ஒஹாயோ ஸ்டேட் அடுத்த சில வாரங்களில் ஸ்மித்துக்குத் தாராளமாக வீசி, 2025 ஜனவரி 20 அன்று தேசியப் பட்டத்தையே வென்றது. ஆள் பலம் மாறவில்லை, எதிரி மாறியதும் புத்தி தெளிந்துவிட்டது.

ஆகவே என் தேர்வு நிதான ஆட்டம், ஆனால் அதற்குள் ஒளித்து வைத்த ஒரு துணிச்சலோடு. அதற்கு நல்ல உதாரணம் 2013 நவம்பர் 30, அதே ஆபர்ன், அதே அலபாமா. அலபாமாவின் 57 யார்டு ஃபீல்டு கோல் முயற்சி குறுகி விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுமுனை வரை ஓடி ஜெயிக்கவைத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குச் சற்று முன்னால் நடந்ததை. ஆபர்ன் அன்று ஓட்டத்திலேயே 296 யார்டு எடுத்த அணி. 28–21 என்று பின்தங்கி, 32 விநாடி இருக்கும்போது, குவாட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தோடு இடதுபுறம் ஓடுகிறார். ஸாமி கோட்ஸைக் காத்து நின்ற அலபாமா வீரர், இதுவும் ஓட்டம்தான் என்று நம்பி முன்னால் பாய்கிறார். அந்த ஒரு கணத்தில் மார்ஷல் பந்தைத் தலைக்கு மேலே வீச, கோட்ஸ் சுற்றிலும் ஆளே இல்லாமல் பிடிக்கிறார். 39 யார்டு, ஸ்கோர் சமன். அன்று முழுக்க ஓடியிராவிட்டால் அந்தக் காவல்காரர் ஏமாந்திருக்க மாட்டார்.

இந்த ஆண்டு உங்கள் சின்ன அணி பெரிய எதிரியைச் சந்திக்கும்போது முதல் கால்பகுதியில் ஸ்கோரைப் பார்க்க வேண்டாம். பெரிய அணி நடுவில் ஓடும்போது எத்தனை யார்டு கிடைக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து, ஆறு என்று போனால் நிதானத்துக்கு இடமில்லை. அப்போதே வீச ஆரம்பித்துவிட வேண்டும், காத்திருந்தால் இன்னும் கெடும். இரண்டு, மூன்றோடு நின்றால் அவசரமே வேண்டாம். நான்காவது கால்பகுதி வரை ஓடிக்கொண்டே இருக்கலாம்.