கழுவ இடம், காய இடம்: விடுதி அறையில் நிலைத்த பழக்கங்களும் நிலைக்காதவையும்

விடுதியில் சேரும்போது ஸ்டீல் பாட்டில், துணிப்பை, மூங்கில் பிரஷ், டிபன் பாக்ஸ் என்று எல்லாம் பெட்டியில் வந்துவிடுகின்றன. இரண்டாவது செமஸ்டரில் பார்த்தால் ஸ்டீல் பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும், மேசையில் மினரல் வாட்டர் பாட்டில் நிற்கும். சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று திட்டுவதில் பயனில்லை. திரும்பத் திரும்பப் புழங்கும் எந்தப் பொருளுக்கும் கழுவ ஓர் இடமும் காய ஓர் இடமும் வேண்டும். மூன்று பேர் தங்கும் அறையில் அவை இரண்டுக்குமே தட்டுப்பாடு. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடித்தவை எவை, பாதியில் நின்றவை எவை என்று அந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலில் பாட்டில். ஒரு லிட்டர் கொள்ளளவு, 304 தர ஸ்டீல், கை நுழையும் அகலமான வாய். இந்த மூன்றும் இருந்தால் போதும். சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாட்டில் தினசரி கல்லூரிக்குக் கனம். ஒருமுறை கீழே விழுந்து நசுங்கினால் நடுவில் இருக்கும் வெற்றிடம் போய், சாதாரணப் பாட்டிலாகிவிடலாம். நாற்றம் அடிப்பது பெரும்பாலும் பாட்டிலால் அல்ல, மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் வளையத்தால். வாரம் ஒருமுறை அதை ஊக்கால் நெம்பி வெளியே எடுத்துப் பாருங்கள்: அடிப்பக்கம் வழவழவென்று கறுத்திருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்து, துடைத்து, இரவு முழுக்கத் தனியே காயவிட்டு, காலையில் திரும்ப மாட்ட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்த பாட்டில்தான் இரண்டே நாளில் வீச்சம் எடுக்கிறது. காபி, பால் ஊற்றி வாடை ஏறிவிட்டால் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவோடு வெந்நீர் ஊற்றி இரவு விட்டுவிடுங்கள். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் அரை மணி நேரம். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். குளோரின் பட்டால் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

டீக்கடையில் பாட்டில்கூட வேண்டாம், "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்றால் போதும். பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த தடைப் பட்டியலில் அந்தப் பூச்சுக் கப்பும் இருக்கிறது. பார்சலுக்கு இரண்டு அடுக்குத் தூக்கு நல்லது: கீழே சாதம், மேலே குழம்பு. நீங்கள் கேட்பதற்குள் கடைக்காரர் சாம்பாரைக் கவரில் கட்டிவிடுவார் என்பதால், ஆர்டர் சொல்லும்போதே பாத்திரத்தை மேசையில் வைத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் உடனே கழுவ முடியாவிட்டால் தண்ணீராவது ஊற்றி வையுங்கள். காய்ந்துபோன குழம்புப் பாத்திரம்தான் அடுத்த நாள் அறையிலேயே தங்கிவிடுகிறது, மறுநாள் பார்சல் கவரில் வருகிறது.

துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனத்த டர்க்கி டவல் விடுதிக்குப் பொருந்தாத பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது. பூஞ்சை வாடை வரும், அதைப் போக்க வாரத்துக்கு இரண்டு முறை துவைக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு துவையலும் அரை வாளித் தண்ணீரை உறிஞ்சும். மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டு இருந்தால் வருடம் ஓடிவிடும். மின்விசிறிக் காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பையிலும் இடம் அடைக்காது. பழையதானால் மேசை துடைக்கவும் சைக்கிள் துடைக்கவும் ஆகும்.

துவைப்பதில் தண்ணீர் போவது அலசும்போதுதான். பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர், அதில் நான்கைந்து உருப்படிகள், அரை மணி நேர ஊறல். இதற்கு மேல் பவுடர் போட்டால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை. நுரைதான் போகாமல் நிற்கும், இரண்டு வாளியில் முடிய வேண்டிய அலசல் நான்காகும். இரவு முழுக்க ஊறவைத்தால் துணி நாறும். கடைசியாக அலசிய தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும், அடுத்த துணியை ஊறவைக்க அதுவே போதும். பூந்திக்கொட்டை பற்றிப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். அதைக் கொதிக்கவைக்க அடுப்பு வேண்டும், சாறு ஓரிரு நாளில் கெட்டுவிடும், காலர் அழுக்கும் ஜீன்ஸ் அழுக்கும் அதற்கு அசையாது. பட்டுக்கு நல்லது, விடுதிக்கு ஆகாது.

குளிப்பதற்கு வாளியும் கப்பும் இருக்கும் விடுதி ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு வாளி பதினைந்து, பதினெட்டு லிட்டர். ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் போகும். ஆனால் அந்தத் தளத்தின் மூலையில் இரவெல்லாம் சொட்டும் குழாய் ஒன்று எல்லோருடைய சிக்கனத்தையும் தின்றுவிடும். இரவு படுக்கும்போது அதற்குக் கீழே ஒரு வாளியை வைத்து, காலையில் எத்தனை லிட்டர் என்று அளந்து, புகார் நோட்டில் அந்த எண்ணை எழுதுங்கள். "குழாய் ஒழுகுகிறது" என்பதைவிட "ஓர் இரவில் 14 லிட்டர்" என்பதற்குப் பிளம்பர் சீக்கிரம் வருகிறார். பழைய பித்தளைக் குழாயாக இருந்தால் தேய்ந்த வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூங்கில் பிரஷ் எங்கள் பட்டியலில் இல்லை. ஈரக் குளியலறையில், குவளைக்குள் தண்ணீர் தேங்கி நிற்க, அடித்தண்டு சில வாரத்தில் கறுத்துப் பூசணம் பிடிக்கிறது. நார்கள் பெரும்பாலும் நைலான்தான். அந்தக் காசுக்கு இரண்டு பேனா ரீஃபில் வாங்கினால் அதிகப் பிளாஸ்டிக் மிச்சம்.

மாணவிகளுக்கு: துணி நாப்கின் வீட்டில் நன்றாக வேலை செய்யும், விடுதியில் சிரமம். அதை வெயிலில் காயவைக்க வேண்டும். பொதுக் கொடியில் போடக் கூச்சப்பட்டு அலமாரிக்குள் காயவைத்தால் ஈரம் நின்று தோல் பிரச்சினை வருகிறது. அதனால் விடுதி வாழ்க்கைக்குச் சிலிக்கான் மென்ஸ்ட்ருவல் கப் (உடலுக்குள் வைத்து உதிரத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணம்) கூடுதல் பொருத்தம், காயவைக்கும் தொல்லை அநேகமாக இல்லை. மாதவிடாய் தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கப் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் வற்றி அடியில் ஒட்டினால் கருகிவிடும். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. கசிவுக்கு முக்கியக் காரணம், உள்ளே போன கப் முழுதாக விரியாதது. விரலால் அடிப்பகுதியைச் சுற்றித் தடவி, மடிப்பு இருந்தால் லேசாகத் திருப்பிவிடுங்கள். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல், அடிப்பகுதியை அழுத்திக் காற்று புகவிட்டு எடுக்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதச் சுற்று ஆகும், தேர்வு மாதத்தில் தொடங்காதீர்கள். கருத்தடைச் சாதனம் பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மின்சாரத்தில் கவனம் தவறான இடத்தில் இருக்கிறது. சும்மா செருகிக் கிடக்கும் ஃபோன் சார்ஜர் இழுப்பது 0.1 வாட் அளவுதான். மாதம் முழுக்கக் கிடந்தாலும் 0.07 யூனிட். வகுப்புக்குப் போகும்போது ஓடவிட்ட 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரத்தில் 0.6 யூனிட்டை முடித்துவிடும். அயர்ன் பாக்ஸும் கொஞ்ச நேரத்தில் நிறைய இழுக்கும். அதைக் குறைக்க வழி காயவைப்பதில் இருக்கிறது: சட்டையை முறுக்கிப் பிழியாமல், இரண்டு மூன்று தடவை ஓங்கி உதறி, ஹேங்கரில் தோள் சரியாக வைத்து, காலரையும் பட்டன் பட்டியையும் கையால் இழுத்துவிட்டுத் தொங்கவிட்டால் பருத்திச் சட்டையைத் தவிர மற்றவற்றுக்கு அயர்ன் தேவைப்படாது.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பலர் வீட்டில் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறது. புதிதாக எதுவும் வாங்காமல் அதையே ஒரு முறை ஓவராயில் செய்து கொண்டுவந்தால் நான்கு வருடம் தாராளமாக ஓடும். காற்று அடிக்கடி இறங்கினால் பஞ்சர் என்று முடிவு கட்டுமுன் வால்டியூபை, அதாவது காற்றடிக்கும் வாயில் இருக்கும் சிறு ரப்பர் குழாயை, பாருங்கள். வாய்ப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் குமிழி வரும். சில ரூபாயில் தீரும் வேலை. மழையில் நனைந்த செயினைத் துடைத்துக் காயவிட்ட பிறகே மெஷின் ஆயில் விட வேண்டும், பத்துப் பன்னிரண்டு சொட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது மெஸ் தட்டு. ஒரு கிலோ அரிசி விளையச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தட்டில் மிஞ்சும் நூறு கிராம் சோறு ஏறக்குறைய 35 கிராம் அரிசி. எண்பது தொண்ணூறு லிட்டர், ஐந்து நாள் குளியல். ஆனால் மிச்சம் தட்டில் மட்டும் உண்டாவதில்லை. மாஸ்டர் தலைக்கணக்குப் பார்த்துத்தான் உலையில் அரிசி போடுகிறார். வெள்ளி மாலை சொல்லாமல் ஊருக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சனிக்கிழமைச் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். வியாழன் இரவே பெயர்களை எழுதிக் கொடுக்க மெஸ் வாசலில் ஒரு தாள் தொங்கினால் நிலைமை மாறுகிறது. மிச்ச வாளிக்குள் ஊறுகாய்ப் பாக்கெட்டும் தயிர்க் கப்பும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கலந்துவிட்டால் உரத்துக்கோ மாட்டுக்கோ யாரும் எடுக்க மாட்டார்கள், மொத்தமும் குப்பைக் கிடங்குக்குப் போய்க் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும்.

கடைசி வருடம் அறையைக் காலி செய்யும்போது வாளி, கப், கொடிக்கயிறு, ஹேங்கர், பாய் என்று வராந்தாவில் குவியும். இவற்றை ஜூனியர்களுக்குக் கைமாற்ற நினைப்பவர்கள் கடைசித் தேர்வு நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் யாரும் நிற்பதில்லை, ஜூனியர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். ஸ்டடி லீவுக்கு முந்தைய வாரமே ஒவ்வொரு பொருளிலும் அறை எண் எழுதி ஒட்டி, வாளியின் கைப்பிடியையும் ஹேங்கரின் கொக்கியையும் சரிபார்த்து, கழுவிக் காயவைத்து, வார்டனிடம் கேட்டு வாங்கிய ஓர் அலமாரியில் வைத்துவிட வேண்டும். விரிசல் விட்ட வாளியை அதில் சேர்க்காமல் நேராகப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்.