ஏ9 வீதியில் மின்சாரக் கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு: "சார்ஜர் வேலை செய்யுது" என்றால் எந்த வயர் என்று கேளுங்கள்

சென்ற வாரம் அம்மாவை வவுனியாவில் கண் கிளினிக்குக்குக் காட்டிவிட்டு விசுவமடுவுக்குத் திரும்பும் வழியில், ஏ9 வீதியோரச் சிறு நகரொன்றின் சார்ஜிங் நிலையத்தில் நாங்கள் ஏமாற்றப்பட்டதை, அதே வீதியால் போய்வரும் வேறு எவரும் அகப்படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களுடையது 24 கிலோவாட் மணி பற்றரியுள்ள பழைய நிசான் லீஃப். புதிதில் கொள்ளளவை 12 கட்டங்களாகக் காட்டும் பற்றரி, இப்போது தேய்ந்து 9 கட்டங்களே காட்டுகிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கே 70 கிலோமீற்றருக்கு மேல் என்பதால், பரந்தனில் திரும்பி வீடு சேர்வதற்கு இடையில் ஒருமுறை சார்ஜ் ஏற்றியே ஆகவேண்டும். அதனால் காலையிலேயே அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "வாங்கோ அண்ணை, பாஸ்ற் சார்ஜர் வேலை செய்யுது" என்றார்கள். சார்ஜிங் நிலையங்களைக் காட்டும் செயலியும் பச்சை நிறமே காட்டியது.

சார்ஜர் வேலை செய்தது உண்மைதான். ஆனால் வேகச் சார்ஜ் வயர்கள் காருக்குக் கார் வேறுபடும்; அதில் இருந்தது சிசிஎஸ் 2 என்ற வகை வயர் மட்டுமே. லீஃபுக்கு வேண்டிய சாடெமோ என்ற வகை வயர் தொங்கவேண்டிய கொளுக்கி வெறுமையாக இருந்தது. 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின் வந்த புதுக் கார்கள் பலவற்றுக்கு அந்த வயர்தான் பொருந்தும் என்பதால் அதை வைத்திருப்பதில் நான் குறை காணவில்லை. என்ன கார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எங்களை வரச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. 22 சதவீதத்துடன் வேறு வழியின்றி மெதுவான சார்ஜரில் போட்டோம். கண்ணுக்கு மருந்து விட்டிருந்த அம்மா, ஒரு மர நிழல்கூட இல்லாத அந்த வளவில், சேலைத் தலைப்பால் கண்ணை மூடியபடி 2 மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தார்.

பிறகு நீட்டிய கணக்கில் 14 யூனிட் என்று இருந்தது, அதுவும் வேகச் சார்ஜின் விலையில். எங்கள் கார் மெதுவான சார்ஜில் 3.3 கிலோவாட் அளவுக்கே மின்சாரம் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்தாலும் 2 மணித்தியாலத்துக்கு 7 யூனிட்டளவுதான் வரும். மீற்றரைக் காட்டச் சொன்னேன், அறை பூட்டியிருக்கிறது என்றார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது, அம்மாவை வைத்துக்கொண்டு வாக்குவாதப்பட மனமில்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய லீஃப் வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் "சாடெமோ வயர் இருக்கிறதா, இன்று அதில் ஏதாவது கார் ஏற்றினீர்களா" என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வயரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செருகுமுன்னும் கழற்றிய பின்னும் மீற்றரைப் படமெடுங்கள். மீற்றரைக் காட்ட மறுக்கும் இடத்தில் செருகவே வேண்டாம். பற்றுச்சீட்டுத் தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், நான் முறையிட்டிருக்கிறேன். வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில் சாடெமோ வயர் உண்மையில் வேலை செய்யும் இடம் எவருக்காவது தெரிந்தால், கடைசியாக ஏற்றிய திகதியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த மாதமும் அம்மாவுக்குக் கிளினிக் இருக்கிறது.