நான்கு வருடமாக என்னோடு ஊர் சுற்றும் குட்டி ரைஸ் குக்கர்

சுங்கை பட்டாணியிலிருந்து வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து, செந்தூலில் அறை எடுத்துத் தங்கிய வாரத்தில் நான் வாங்கிய முதல் பொருள் இந்த ரைஸ் குக்கர். 0.6 லிட்டர், 300 வாட், விலை 59 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒரே ஒரு சுவிட்ச். அழுத்தினால் வேகும், தானாக மேலே எழும்பினால் சூட்டில் இருக்கும். அவ்வளவுதான். அப்போது எனக்கு 22 வயது. வாரத்தில் நான்கைந்து நாள் அதில் சமைத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரு தனி ஆளுக்கு இது என்ன செய்யும், எங்கே கைவிடும் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இதில் மிக நன்றாக வருவது கஞ்சி. சோற்றைவிட நன்றாக வரும். மழையில் நனைந்து எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வீடு வந்து சேரும் நாளில் வேறு எதையும் வாய் கேட்பதில்லை. கால் கப் அரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஆறு பல் பூண்டு, இரண்டு கப் தண்ணீர். இங்கே கப் என்றால் குக்கரோடு வரும் கப், 180 மில்லி. வீட்டு டம்ளரால் அரிசியையும் அந்தக் கப்பால் தண்ணீரையும் அளந்தால் கணக்கு தப்பிவிடும்; நான் முதல் மாதம் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

முதல் தடவை கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "மூடிய முழுசா மூடாதம்மா, மரக்கரண்டிய குறுக்க வச்சு மேல மூடு. ரெண்டு சொட்டு எண்ணெ விடு" என்றார். அன்றிலிருந்து வழிந்ததில்லை. நாற்பது நிமிடத்தில் பூண்டு கரைகிற பதம் வரும். சுவிட்சை அணைத்த பிறகு கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் நெத்திலி சம்பல் வைத்துக்கொண்டால் போதும், அந்த நாள் சரியாகிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கஞ்சிக்குச் சுவிட்ச் தானாக எழும்பாது. குக்கரின் அடியில் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு வட்டம் இருக்கிறதே, அதற்குள் இருப்பது காந்தம். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சோறு தண்ணீரை முழுக்க இழுத்துக்கொண்ட பிறகுதான் சூடு ஏறும். சுமார் 103 டிகிரி வந்ததும் காந்தம் பிடிப்பை இழக்க, ஸ்பிரிங் சுவிட்சைத் தள்ளிவிடும். கஞ்சியில்தான் தண்ணீர் வற்றுவதே இல்லையே. அதனால் போனில் மணி வைத்துவிட்டு நாமே அணைக்க வேண்டும்.

தாளிப்பு இதில் நடக்காததற்கும் காரணம் அதே காந்தம்தான். வெறும் பானையில் எண்ணெய் ஊற்றினால் கடுகு வெடிப்பதற்குள் சுவிட்ச் எழும்பிவிடும். டேப் ஒட்டி அழுத்தி வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடு எல்லை மீறாமல் தடுக்கும் முக்கியக் காவலே அந்தக் காந்தம்தான். நான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து ஒரு சின்ன பாட்டிலில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். வார நாளில் ஒரு கரண்டி எடுத்து மேலே போட்டால் ரசம் மணக்கும்.

அடுத்தது பயணச் சாப்பாடு. ஊருக்குப் போகும் இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். முதல் தடவை சுடச்சுடச் சோற்றை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடி எடுத்துப் போனேன். மத்தியானம் திறந்தபோது சோறு வேர்த்து, ஒரு மாதிரி வாடை. அப்படியே கொட்டினேன். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பில் கிடந்தால் பெருகிவிடும். நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் புளிசோற்றுக்கு மாறினேன். புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவைத்துக்கொள்வேன். விடியற்காலையில் குக்கரில் கொஞ்சம் விறைப்பாகச் சோறு வடித்து, உடனே அகலமான தட்டில் பரப்பி, விசிறி ஆறவைத்துத்தான் பிசைவேன். வாட்டிய வாழையிலையில் பொட்டலம். எட்டு மணி ரயிலென்றால் மத்தியானத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தைப்பிங் தாண்டி புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கேதான் எப்போதும் பிரிப்பேன். எனக்கு அதைவிட நல்ல சாப்பாட்டு மேசை இன்னும் கிடைக்கவில்லை.

கேமரன் மலைக்கு மூன்று பேர் போனபோது குக்கரையும் தூக்கிக்கொண்டு போனேன். விடுதியில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். பல இடங்களில் அறையில் சமைக்க விடமாட்டார்கள். நாங்கள் தங்கிய மலை ஊரான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இது தெரியாமல் வழக்கமான அளவில் வைத்தேன். அரிசி நடுவில் விதைபோல நின்றது. மறுநாள் அரை மணி நேரம் ஊறவைத்து, கால் கப் தண்ணீர் கூடுதலாக விட்டேன். மல்லிகைப்பூ மாதிரி வந்தது. பானை சின்னது என்பதால் இரண்டு தடவை வைத்து எடுத்தோம். அந்தக் குளிரில் மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதை, கூட வந்த அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குறைகள் என்று பார்த்தால் முதலில் பானையின் பூச்சு. எவர்சில்வர் கரண்டி பட்டு இரண்டாம் வருடமே கீறல் விழுந்தது. மூன்றாம் வருடம் உரிய ஆரம்பித்ததும் 18 வெள்ளி கொடுத்து பானையை மட்டும் மாற்றினேன். இப்போது மரக்கரண்டிதான், கழுவ மெல்லிய பஞ்சுதான். அடுத்தது, பானைக்கு அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பானை சரியாக உட்காராது. ஒன்று வேகாது, இல்லையென்றால் அடிபிடிக்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். சூடு காக்கும் நிலையும் சுமார்தான். இரண்டு மணி நேரத்தில் ஓரம் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது.

வாங்குவதாக இருந்தால் மின்சாதனப் பாதுகாப்புக்கான சிரிம் முத்திரை இருக்கிறதா, உள்பானை தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். இரண்டு பேர் சாப்பிடுவதென்றால் 0.6 போதாது, ஒரு லிட்டர் எடுங்கள். என் தங்கை அடுத்த மாதம் பினாங்கில் படிக்கப் போகிறாள். அவளுக்கு ஒரு லிட்டரில் வாங்கி, உள்ளே ஒரு மரக்கரண்டியும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் வைத்துக் கட்டியிருக்கிறேன்.