சிக்ஸ் சிக்ஸ்ட்டி: பல்லாண்டுக் கேட்பனுபவம்

நியூசிலாந்தின் சிக்ஸ் சிக்ஸ்ட்டி குழுவை, அதன் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்த 2011ஆம் ஆண்டிலிருந்து கேட்டு வருகிறேன். ஆக்லாந்தில் நான் குடியேறிய புதிது அது. வேர்களை மறவாதே என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவர்களுடைய பாடல் பேருந்திலும் கடைகளிலும் பக்கத்து வீட்டு விருந்துகளிலும் ஒலித்துக்கொண்டே இருந்ததால், தேடிப் போகாமலேயே அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

டனீடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழக மாணவர் வட்டத்திலிருந்து 2008இல் உருவான குழு இது. காஸில் தெருவில் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் எண் 660. அதுவே குழுவின் பெயராயிற்று. பின்னாளில் அந்த வீட்டையே விலைக்கு வாங்கி, நிகழ்த்துகலை பயிலும் மாணவர்கள் உதவித்தொகையுடன் அங்கே தங்குவதற்குப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தொடக்கத்தில் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு, இனிமையான, ஆனால் சாதாரணமான பாடல்கள் என்று எண்ணியிருந்தேன். நல்ல ஒலிபெருக்கி வாங்கிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. அவர்களுடைய பாடல்களில் ஊடாடும், ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில், கிட்டார், தாளத்தின் இடைவெளிகளில் சுருக்கமாக வெட்டிச் செல்ல, பாட்டைத் தாங்கி நடத்துவது பேஸ் கிட்டார். அதன் தாழ்ந்த ஒலி கேட்காதபோது பாடலில் பாதி இல்லாமற்போகிறது. அந்த நிதானமான அடித்தளத்தின் மீது குழுவின் பாடகர் மட்டியூ வால்டர்ஸ், சோல் என்னும் உணர்ச்சிமிகு கறுப்பின அமெரிக்க இசைவகைப் பாடகருக்குரிய கனிவோடு சொற்களை இழைத்துப் பாடுகிறார். பல்லவி வந்ததும் இடைவெளிகள் நிரம்பி, ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் பாடத்தக்க எளிய மெட்டாக எல்லாம் விரிகிறது. இந்த மாற்றம் நிகழும் விதம்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை அவர்களிடம் பிடித்து வைத்திருக்கிறது.

ரெகே இந்நாட்டில் இரவல் பொருளாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. 1979 ஏப்ரலில் ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் திடலில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி பாடியது, குறிப்பாக இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி, பசிபிக் தீவு மக்களிடம் ஆழமாக வேர்விட்டது. அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 6, நியூசிலாந்தின் தேசிய நாளான வைத்தாங்கி நாளாகவும் அமைந்துவிட்டதால், அன்று ரெகே ஒலிக்காத கடற்கரையைக் காண்பது அரிது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே திடலைச் சுமார் 50,000 பேரால் நிரப்பியது சிக்ஸ் சிக்ஸ்ட்டி.

2011, 2015, 2019 ஆகிய மூன்று தொகுப்புகளுக்கும் குழுவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆண்டைப் பார்த்தே தேட வேண்டியிருக்கிறது. முதலாவதில் ரெகேயின் காற்றோட்டம் மிகுதி. பின்னவற்றில் மின்னணு ஒலிகளும் பெருந்திடலுக்கான பல்லவிகளும் கூடுகின்றன. அவை நன்றாகவே செய்யப்பட்டவை. ஆயினும் நான் மீண்டும் மீண்டும் திரும்புவது முதல் தொகுப்புக்குத்தான்.

அதே 2019இல், மாவோரிப் பாடகி ஹினேவெஹி மோஹி முன்னெடுத்த மாவோரி மொழிப் பாடல் தொகுப்புக்காக, அந்த வேர்ப் பாடலை மாவோரி மொழியில் மீண்டும் பாடிப் பதிவுசெய்தார்கள். எட்டு ஆண்டுகளாகக் கேட்ட மெட்டு, மாவோரியின் திறந்த உயிரொலிகளில் இன்னும் இயல்பாக நீண்டது. அம்மொழி எனக்குத் தெரியாது. வரிகளை எழுதி வைத்துக்கொண்டு சில வாரங்கள் பழகினேன்.

அந்தப் பழக்கம் 2021 ஏப்ரல் 24 அன்று உதவியது. ஆக்லாந்தின் ஈடன் பார்க் விளையாட்டரங்கில் அன்று சிக்ஸ் சிக்ஸ்ட்டி பாடியது. அவ்வரங்கில் நடந்த முதல் இசை நிகழ்ச்சி அது. உலகின் பல நாடுகளில் பெருந்தொற்றால் அரங்குகள் மூடிக் கிடந்த வேளையில், ஏறத்தாழ 50,000 பேர் தோளோடு தோள் நின்றோம். மேடையிலிருந்து வெகுதூரத்தில் என் இடம் இருந்ததால், பேஸ் ஒலி சற்றுக் குழம்பியே வந்து சேர்ந்தது. ஆனால் சுற்றியிருந்தவர்கள் பல்லவியை எடுத்துப் பாடியபோது மேடை ஒலியைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் கண்களை மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் பிசகாமல் பாடினார். இப்போது அந்தப் பாடலை வீட்டில் தனியே கேட்டாலும், பல்லவி தொடங்கும் இடத்தில் அவருடைய குரலையே முதலில் எதிர்பார்க்கிறேன்.