கோர்ஸில் சேரவில்லை, கடனில் சேர்த்துவிட்டார்கள்: ஃப்ரீலான்சிங் கனவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

படித்து முடிப்பதற்குள் ப்ராஜெக்ட்டும் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தால் 72,000 ரூபாய் கடன் என் தலையில் விழுந்திருக்கிறது. பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. தவிர, இதே வேலையை வேறு பெயர்களில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

நான் கோவையில் வேர்ட்பிரஸ் சைட் செய்து கொடுப்பவன். பேக்கரி, பம்புசெட் டீலர், பல் கிளினிக் என்று என் கஸ்டமர்கள் எல்லாம் சின்ன ஆட்கள். கொஞ்ச நாளாகவே "ஏஐயே சைட் போட்டுக் குடுக்குதாமே, நீங்க எதுக்குங்க இவ்வளவு கேக்கறீங்க?" என்ற பேச்சு. சரி, கையில் இன்னும் இரண்டு ஸ்கில் இருந்தால் நல்லது என்று பார்த்தபோதுதான் அந்த 99 ரூபாய் வெபினார் கண்ணில் பட்டது. 'ஃப்ரீலான்சர்களுக்கு டிமாண்ட் உள்ள 10 ஸ்கில்கள்'. ஃபுல் ஸ்டாக், டேட்டா அனலிட்டிக்ஸ், ஜெனரேட்டிவ் ஏஐ, கிளவுட், சைபர் செக்யூரிட்டி, எஸ்இஓ (கூகுள் தேடலில் சைட்டை முன்னால் கொண்டுவரும் வேலை) என்று ஒரு பட்டியல்.

பட்டியலில் பொய் எதுவும் இல்லை, சாமர்த்தியமே அங்கேதான். அதில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே மார்க்கெட் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில். கிளவுட் வேலை தெரிந்தவர் எஸ்இஓ செய்ய மாட்டார். பத்தையும் ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறவர்கள் எதையும் சொல்லித்தரப் போவதில்லை.

வெபினார் முடிந்த கொஞ்ச நேரத்தில் 'கவுன்சலர்' கூப்பிட்டார். "இன்னிக்கு நைட் வரைக்கும்தான் ப்ரோ இந்த ஆஃபர். நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 6,000. முதல் ப்ராஜெக்ட்லயே ரெண்டு மாச இஎம்ஐ எடுத்துரலாம்." பான், ஆதார், ஒரு செல்ஃபி. அடுத்தடுத்து வந்த ஓடிபிகளுக்கு அவர் சொன்ன விளக்கம்: "அது சும்மா வெரிஃபிகேஷன் ப்ரோ." ஃபோனில் ஆள் பேசிக்கொண்டே இருக்க, இந்தப் பக்கம் ஒரு கடன் ஒப்பந்தத்துக்கு ஆதார் வழி ஆன்லைன் கையெழுத்தான இ-சைனும், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க இ-நாச் அனுமதியும் முடிந்துவிட்டன. நான் கேள்வியே பட்டிராத ஒரு என்பிஎஃப்சியிடமிருந்து (வங்கி அல்லாத கடன் கம்பெனி) 'உங்கள் கடன் வழங்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஃபீஸைத் தவணையில் வாங்குகிறோம் என்றுதான் சொன்னார்கள். கடன் என்ற சொல் அந்த உரையாடலில் ஒரு முறைகூட வரவில்லை.

இதில் பணம் போகிற வழியைக் கவனியுங்கள். கடன் கொடுத்த கம்பெனி கோர்ஸ் பணத்தை முதலிலேயே பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் தவணை கட்டுவது கடன் கொடுத்த கம்பெனிக்கு. ஆகவே, பாடம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பயிற்சி நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை. நாம் நடுவில் விலகினாலும் தவணை நிற்காது.

பாடம் எப்படி இருந்தது? 'லைவ் கிளாஸ்' என்றது முக்கால்வாசி பழைய ரெக்கார்டிங். ஏஐ மாட்யூலில் டெக்ஸ்ட்-டாவின்சி-003 என்ற பழைய ஏஐ மாடலைக் கூப்பிட்டு ஒரு சாட்பாட் செய்யச் சொல்கிறார்கள். சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐ அந்த மாடலை 2024 ஜனவரி 4 அன்றே நிறுத்திவிட்டது. அந்த ப்ரோகிராமை ஓட்டினால் எரர்தான் வரும். குரூப்பில் கேட்டதற்கு மென்டர் எழுதிய பதில்: "நெட் ப்ராப்ளமா இருக்கும், சிஸ்டமை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." அனலிட்டிக்ஸ் பாடத்தில், சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் பழைய டூலான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ், கூகுள் அதில் டேட்டா சேர்ப்பதை நிறுத்தியது 2023 ஜூலையில். ஃப்ரன்ட் எண்டுக்கு (சைட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதி) ஆங்குலர்ஜேஎஸ், அதற்கும் 2022 தொடக்கத்தோடு சப்போர்ட் முடிந்தது. விளம்பரத்தில் 'இந்த வருட டிமாண்ட்', உள்ளே செத்துப்போன சரக்கு.

இதைவிட மோசமானது போர்ட்ஃபோலியோ, அதாவது கிளையண்டுக்குக் காட்டும் வேலை மாதிரிகள். எல்லோருக்கும் ஒரே ரெடிமேட் ஷாப்பிங் சைட், ஒரே டாஷ்போர்டு. பெயரையும் நிறத்தையும் மாற்றி, ஃப்ரீலான்சர்கள் வேலை தேடும் தளமான அப்வொர்க்கில் சொந்த வேலை மாதிரிப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. பேட்ச்சில் ஈரோட்டுப் பெண் ஒருவர் போட்டார். அப்வொர்க்கில் வேலை கேட்டு ப்ரபோசல் அனுப்ப 'கனெக்ட்ஸ்' செலவாகும், அதைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அப்படி வாங்கி அனுப்பியதற்கு ஒரு கிளையண்ட், இதே சைட்டை இன்னொருவரும் தன்னுடையது என்று அனுப்பியிருக்கிறாரே என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நாளில் அக்கவுண்ட் சஸ்பெண்ட். "அண்ணா, இனி என் பேர்ல திரும்ப ஓப்பன் பண்ணவும் முடியாதாம்" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. காசு போனது ஒரு பக்கம், தொழில் தொடங்கும் முன்பே பெயர் போனது.

உத்தரவாதம் கொடுத்த 'லைவ் ப்ராஜெக்ட்' என்ன தெரியுமா? அதே நிறுவனத்தின் போஸ்டரை வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாவிலும் பகிர்ந்து ஆள் சேர்ப்பது. சேருகிறவருக்கு இவ்வளவு கமிஷன். கேட்டால், "டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் நம்ம ஸ்கில் லிஸ்ட்ல இருக்கே ப்ரோ."

ரீஃபண்ட் கேட்டேன். பயிற்சி நிறுவனம் கடன் கம்பெனியைக் கை காட்டியது, கடன் கம்பெனி பயிற்சி நிறுவனத்தை. கோபத்தில் பேட்ச்சில் சிலர் வங்கியில் சொல்லி இ-நாச்சை நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் செய்துவிட்டு சும்மா இருக்காதீர்கள். கடன் அப்படியேதான் நிற்கும், அபராதம் ஏறும், சிபில் ஸ்கோர் இறங்கும், நாளை வீட்டுக்கடனுக்குப் போகும்போது வந்து இடிக்கும். முதலில் எழுத்தில் புகார், பிறகு மற்றது.

புகாருக்கு வழி இருக்கிறது. டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது, 2025 மேயில் அதைத் திருத்தித் தொகுத்தது. ஆண்டு வட்டி விகிதம் உட்பட எல்லாச் செலவையும் சொல்லும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கடன் வாங்குபவருக்குத் தரப்பட வேண்டும். வாங்கிய பிறகு அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள 'கூலிங் ஆஃப்' அவகாசம் வேண்டும், அது குறைந்தது ஒரு நாள். ஆகவே அந்த எஸ்எம்எஸ் வந்த அன்றே விழித்துக்கொள்வது நல்லது. தன் சார்பில் ஆள் பிடிக்கும் ஏஜென்ட் செய்வதற்கும் கடன் கொடுத்தவரே பொறுப்பு. கடன் கம்பெனிக்குப் புகார் அனுப்பி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம், விவரத்துக்குத் தொலைபேசி எண் 14448.

பயிற்சி நிறுவனத்தின் மேல் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஒப்பந்தத்தில் 'வழக்கு என்றால் பெங்களூரில்தான்' என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

காசு கொடுத்துப் படிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாட்யூல்களில் உருப்படியாக இருந்த கொஞ்சமும் ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஹார்வர்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடமான சிஎஸ்50 வீடியோக்களும் இலவசம். ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் பாடத்துக்குக் காசு இல்லை, சர்டிஃபிகேட் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம். எதைப் படிப்பது என்பதற்கு வெபினார் தேவைப்படவில்லை. என் கஸ்டமர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது சைட்டிலேயே பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே இணைப்பதும் மொபைலில் சைட் வேகமாகத் திறப்பதும்தான். இப்போது அந்த இரண்டையும்தான் படிக்கிறேன்.

இதே மாதிரி கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் முதலில் இலவச கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, உங்கள் பெயரில் என்ன கடன் ஓடுகிறது என்று பாருங்கள். விளம்பர ஸ்க்ரீன்ஷாட், கவுன்சலரின் வாட்ஸ்ஆப் சாட், கடன் ஒப்பந்தத்தின் பிடிஎஃப், தவணை கழிந்த ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காதீர்கள். குரூப்பிலிருந்து நம்மை நீக்கும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவையுங்கள், என்னை நீக்கிவிட்டார்கள். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்கள் பேட்ச்சில் சிலர் அதற்கான வேலையில் இருக்கிறோம். அந்த பேட்ச்சில் இருந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம், யார் கேட்டாலும்.